சொந்தக் குளத்தில் இறங்கிய அன்னம்: அதனால் திரும்பப் பறந்து போக முடியுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். லண்டனில் இருந்து நார்ஃபோக்கில் ஒரு பழைய பண்ணை வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கே சொந்தமான குளம் ஒன்று உண்டு. நீளம் நாற்பது மீட்டர் இருக்கும், சுற்றிலும் வில்லோ மரங்கள். நவம்பர் கடைசியில் ஒருநாள் ராத்திரி பலத்த காற்றடித்தது. விடிந்து பார்த்தால் குளத்தில் ஓர் அன்னம். இப்போது ஜனவரி, இன்னும் போகவில்லை. உடம்பு வெள்ளை, ஆனால் இறக்கையிலும் கழுத்திலும் பழுப்பு இறகுகள். அலகு சாம்பலும் இளஞ்சிவப்புமாக இருக்கிறது. அது பறந்து நாங்கள் பார்த்ததே இல்லை. கும்பகோணத்தில் இருந்து வந்திருக்கும் என் அம்மா, ஜோடியைப் பறிகொடுத்த அன்னம் இது, தனியாக விட்டால் ஏங்கியே செத்துவிடும் என்கிறார். காலையில் பாலும் ரொட்டியும், மதியம் சாதமும் வைக்கிறார். இன்னோர் அன்னம் வாங்கி விடலாமா? குளம் உறைந்தால் கராஜுக்குள் கொண்டுவந்து வைக்கலாமா? ஆறு கோழிகள் வளர்க்கிறோம், அவற்றுக்கு ஏதாவது ஆபத்தா? பக்கத்து வீட்டுக்காரர் வேறு, அன்னமெல்லாம் மன்னருக்குச் சொந்தம், தீனி போட்டால் வம்பு என்கிறார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. அது பறந்து நீங்கள் பார்த்ததே இல்லை என்கிறீர்கள். தீனி, ஜோடி, பனி, கோழி எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் தெரிய வேண்டியது இது: அந்த அன்னம் உங்கள் குளம் பிடித்துப்போய்த் தங்கியிருக்கிறதா, இல்லை வெளியே போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறதா? காட்டுப் பறவை ஒன்று நம் இடத்துக்கு வந்தால், அது நினைத்த நேரத்தில் கிளம்பிப் போகும்படி நம் இடத்தை வைத்திருப்பதுதான் நாம் செய்யக்கூடிய பெரிய பராமரிப்பு. தீனி அதற்கு அப்புறம்தான்.

முதலில் அம்மாவின் மனக்கவலையைத் தீர்த்துவிடுகிறேன். இது ஜோடியை இழந்த அன்னம் இல்லை, குழந்தை. பழுப்பு இறகும் சாம்பல் கலந்த அலகும் போன கோடையில் பொரித்த குஞ்சுக்கு உரியவை. பிரிட்டனில் சாதாரணமாகக் காணப்படும் வெள்ளை அன்னமான மியூட் ஸ்வானின் குஞ்சுகள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் பொரிக்கும். நான்கைந்து மாதத்தில் பறக்கப் பழகும். இலையுதிர் காலம் முடிந்து குளிர் வரும்போது, அதுவரை கண்ணுக்குள் வைத்துக் காத்த தாயும் தகப்பனுமே அவற்றைத் துரத்த ஆரம்பிக்கும். அடுத்த வசந்தத்தில் புதுக்கூடு கட்ட இடம் வேண்டுமே. அப்படித் துரத்தப்பட்டு, காற்றில் அலைந்து, இருட்டில் பளபளத்த முதல் நீரில் இறங்கியிருக்கும் உங்கள் விருந்தாளி. வயது ஏழெட்டு மாதம் இருக்கும். ஜோடி சேருவது இரண்டு மூன்று வயதில், முட்டையிடுவது பெரும்பாலும் அதற்கும் பிறகு. அதனால் ஏங்குவதற்கு இன்னும் துணையே கிடைத்திருக்காது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நார்ஃபோக் என்பதால் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் பக்கத்து ஊஸ் வாஷஸ் வெள்ளச் சமவெளிக்கு, வெல்னியை ஒட்டிய நிலங்களுக்கு, ஒவ்வொரு குளிர்காலமும் ஐஸ்லாந்தில் இருந்து ஹூப்பர் ஸ்வான்களும், ஆர்க்டிக் ரஷ்யாவில் இருந்து பெவிக்ஸ் ஸ்வான்களும் கூட்டமாக வருகின்றன. வளர்ந்த பறவை என்றால் சிரமமில்லை: அவற்றின் அலகு மஞ்சளும் கறுப்பும், மியூட் ஸ்வானுக்கு ஆரஞ்சு அலகும் நெற்றியில் கறுப்புப் புடைப்பும். இளம் பறவையில் நிறத்தை நம்ப முடியாது, வடிவத்தைப் பாருங்கள். நிம்மதியாக மிதக்கும்போது கழுத்தை வளைத்து, அலகைக் கீழ்நோக்கி வைத்துக்கொண்டு, கூரான வாலைச் சற்றே தூக்கி வைத்திருந்தால் மியூட் ஸ்வான். கழுத்து குச்சி மாதிரி நிமிர்ந்தே இருந்தால் தூரதேசத்து விருந்தாளி. அது தன் கூட்டத்தைத் தவறவிட்டிருக்கிறது என்று அர்த்தம், உடனே வெல்னியில் இருக்கும் நீர்ப்பறவைக் காப்பகத்தாரிடம் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மியூட் ஸ்வான்தான் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

இப்போது பறக்கும் விஷயத்துக்கு வருவோம். வளர்ந்த ஆண் மியூட் ஸ்வான் பத்துப் பன்னிரண்டு கிலோ எடை இருக்கும், இரண்டு இறக்கையையும் விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். இவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு காகம் போல் நின்ற இடத்தில் இருந்து எழும்ப முடியாது. காற்று வரும் திசையைப் பார்த்துத் திரும்பி, கழுத்தை முன்னால் நீட்டி, இரண்டு பாதங்களாலும் தண்ணீரைப் பளார் பளாரென்று அறைந்தபடி ஓடும். வேகம் கூடக் கூடத்தான் உடம்பு நீரை விட்டு எழும். இதற்குத் திறந்த நீராக முப்பது மீட்டராவது வேண்டும். அதோடு முடியவில்லை. எழுந்த பிறகும் செங்குத்தாக ஏறாது, சரிவாகத்தான் மெதுவாக ஏறும். முன்னால் உயரமான மரவரிசை இருந்தால் அதைத் தாண்ட முடியாமல் மறுபடி நீரிலேயே விழும், இல்லையென்றால் கிளையில் மோதி இறக்கையை உடைத்துக்கொள்ளும்.

உங்கள் குளம் நாற்பது மீட்டர். கணக்குப் பார்த்தால் போதும்தான். ஆனால் காற்று அந்த நீளவாக்கில் அடிக்க வேண்டும், எதிர்முனையில் வில்லோ நிற்கக் கூடாது. உங்கள் பக்கம் பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான். குளத்தின் தென்மேற்குக் கரையில் போய் நின்று நிமிர்ந்து பாருங்கள். அங்கே மரங்கள் சுவராக நின்றால், இறங்கும்போது புயற்காற்றின் தயவில் இறங்கிவிட்ட இந்த இளம்பறவைக்கு ஏறும் வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

இதை எப்படி உறுதி செய்வது? ஒரு வாரம் காலையும் மாலையும், வீட்டு ஜன்னலில் இருந்தே பாருங்கள், கிட்டே போக வேண்டாம். இறக்கையை முழுதாக விரித்து, நீரில் நிமிர்ந்து நின்று அடிக்கிறதா? இரண்டு இறக்கையும் ஒரே அளவு விரிகிறதா, ஒரே உயரத்தில் மடங்குகிறதா? குளத்தின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு ஓடிப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறதா? அப்படி ஓடிப் பார்த்துத் திரும்பத் திரும்பத் தோற்கிறது என்றால் அதற்கு உடம்பில் குறையில்லை, இடத்தில்தான் குறை. ஓட முயற்சியே செய்யவில்லை, ஆனால் நன்றாக மேய்கிறது, இறக்கையைக் கோதுகிறது, சத்தம் கேட்டால் தலை தூக்குகிறது என்றால், கிளம்பும் எண்ணம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். வேறு யாருக்கும் தெரியாமல் பகலில் பக்கத்து வயலுக்குப் போய்வருகிறதா என்றும் பாருங்கள். குளிர்காலத்தில் கடுகு இனப் பயிரான ரேப் வயல்களிலும் சர்க்கரைப் பீட் கிழங்கு எடுத்த நிலங்களிலும் அன்னங்கள் மேய்வது உங்கள் மாவட்டத்தில் சாதாரணம்.

மரம்தான் தடை என்று தெரிந்தால், அதைச் சரிசெய்ய இதுதான் நல்ல நேரம். மார்ச் வந்துவிட்டால் மற்ற பறவைகள் கூடு கட்ட ஆரம்பிக்கும், அப்புறம் ஆகஸ்ட் வரை கிளைகளில் கை வைக்கக் கூடாது. வில்லோவை வேரோடு எடுக்க வேண்டியதில்லை, தலையை வெட்டிவிட்டால் போதும், மறுபடி தழைத்துக்கொள்ளும். அந்த மரங்களுக்குப் பாதுகாப்பு ஆணை ஏதும் இருக்கிறதா என்று உள்ளூர் கவுன்சிலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இயந்திரங்களோடு நான்கு பேர் இறங்கி அன்னத்தைக் கலவரப்படுத்த வேண்டாம்; ஒரு கரையில் கொஞ்சம், இரண்டு நாள் விட்டு இன்னும் கொஞ்சம் என்று செய்யச் சொல்லுங்கள்.

இந்த வேலையில் எனக்கு இன்னொரு சந்தோஷமும் இருக்கிறது. நார்ஃபோக்கின் பண்ணைக் குளங்களில் பல, அந்தக் காலத்தில் வயலுக்கு உரமாகப் போடச் சுண்ணாம்புக் களிமண் தோண்டிய குழிகள். உழவர்கள் கைவிட்ட பிறகு சுற்றிலும் மரம் அடர்ந்து, வெளிச்சம் விழாமல், இலை மக்கி, கறுத்த நீராகிக் கிடக்கின்றன. அந்த மாவட்டத்திலேயே இப்படிப்பட்ட குளங்களின் மரங்களைக் குறைத்து, சேற்றை வாரி எடுத்தபோது, ஓரிரு ஆண்டுகளில் நீர்ச்செடிகள் தாமாகவே திரும்பி வந்திருக்கின்றன. மண் போட்டு மூடிய குளங்களைக்கூடத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். 150 ஆண்டு வரை புதைந்து கிடந்த விதைகள் முளைத்தன. அன்னத்துக்கு நீங்கள் வைக்கக்கூடிய மிக நல்ல சாப்பாடு அந்தச் சேற்றில் இப்போதே இருக்கிறது. அதற்கு வெயில்தான் வேண்டும்.

தோண்டிய குழி என்பதால் கரை செங்குத்தாக இருக்கலாம். அன்னம் நீரை விட்டு ஏறிப் புல் மேய ஒரு இடத்திலாவது சரிவான கரை இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு முனையில் மண்ணைச் சரித்து, கால் வழுக்காத மாதிரி சரளைக்கல் போட்டுவிடுங்கள். அந்தச் சரளையும் அதற்கு வேண்டியதுதான். பல் இல்லாத பறவை, சிறு கற்களை விழுங்கி வயிற்றுக்குள் வைத்துத்தான் தின்றதை அரைக்கிறது.

அதே கல் தேடும் பழக்கத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. முன்பு இருந்தவர்கள் குளத்தில் தூண்டில் போட்டார்களா, துப்பாக்கியால் வாத்து வேட்டையாடினார்களா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளுக்கு 1987-இல் இங்கே தடை வந்தது, நீர்ப்பறவை வேட்டைக்கான ஈயச் சன்னத்துக்கு இங்கிலாந்தில் 1999-இல். ஆனால் அதற்கு முன் விழுந்த ஈயம் சேற்றில் அப்படியே கிடக்கும், மக்காது. அன்னம் அதைக் கல் என்று நினைத்து விழுங்கினால் வயிற்றுக்குள் அரைபட்டு இரத்தத்தில் கலந்து நரம்புகளை முடக்கும். கழுத்தைத் தூக்க முடியாமல், அடியில் மடிந்து முதுகின் மேல் சாய்ந்து கிடக்கும். எச்சம் பளிச்சென்ற பச்சையாக இருக்கும். நாளுக்கு நாள் மெலியும். இப்படி ஒரு அன்னத்தை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தக் கழுத்து மறக்காது. இந்த அறிகுறியைக் கண்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். சீக்கிரம் கொண்டுவந்தால் ஈயத்தை வெளியேற்ற ஊசி மருந்து இருக்கிறது, பிழைக்க வைக்க முடியும். அலகோரத்தில் அல்லது காலில் தூண்டில் நரம்பு சுற்றியிருப்பது, வாயில் இருந்து நரம்பு தொங்குவது, இரண்டுக்கும் இதே அவசரம்தான். தொங்கும் நரம்பைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள், மறுமுனையில் தூண்டில் முள் தொண்டைக்குள் மாட்டியிருக்கும்.

பயப்பட வேண்டாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்காகத்தான் ஜனங்கள் அதிகம் பதறி ஃபோன் செய்கிறார்கள். மிதக்கும் அன்னம் ஒரு காலைத் தூக்கி முதுகின் மேல், இறக்கைக்குப் பக்கத்தில் கறுப்பு விசிறியாக விரித்து வைத்திருக்கும். கால் உடைந்துவிட்டது என்று தோன்றும். உடையவில்லை, ஓய்வெடுக்கிறது. சற்று நேரத்தில் உதறிவிட்டு நீருக்குள் இறக்கிக்கொள்ளும்.

சரி, தீனி. பாலை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அம்மா எந்த நம்பிக்கையில் வைக்கிறார் என்பது நமக்குத் தெரியும், பாலையும் நீரையும் பிரிக்கிற பறவை என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பறவைக் குலத்துக்கே பாலைச் செரிக்கும் நொதி கிடையாது, குடித்தால் வயிற்றுப்போக்குதான். மிச்சம் குளத்தில் கலந்து நீரையும் கெடுக்கும். உப்புப் போடாத வெறும் சாதம் எப்போதாவது ஒரு கைப்பிடி என்றால் கெடுதல் இல்லை. குழம்பு, ரசம் பட்டது எதுவும் கூடாது. ரொட்டி பற்றி இந்த நாட்டில் பெரிய சண்டையே நடக்கிறது. விஷம் என்று ஒரு பிரச்சாரம். அதெல்லாம் இல்லை, கொடுக்கலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன் அரச குடும்பத்தின் அன்னப் பொறுப்பாளரே அறிக்கை விட்டார். என் கருத்து, புது ரொட்டி கொஞ்சமாகக் கொடுத்தால் தீங்கில்லை, ஆனால் சத்தும் இல்லை. பூசணம் பிடித்த ரொட்டி மட்டும் ஒருபோதும் வேண்டாம், அதில் இருக்கும் பூஞ்சை மூச்சுப்பைகளில் இறங்கினால் காப்பாற்றுவது கஷ்டம்.

அன்னம் தானாக மேய்கிறது என்றால் எதுவும் போட வேண்டியதே இல்லை. ஒரு நாளைக்கு ஈரப்பாசியும் செடியுமாக மூன்று நான்கு கிலோ தின்னும் பறவை. நீளக் கழுத்தை விட்டு ஒரு மீட்டர் ஆழம் வரை துழாவி எடுக்கும், புல்லும் மேயும். உங்கள் குளத்தில் செடி இல்லை, கரையில் புல்லும் பனியில் மூடிவிட்டது என்றால் மட்டும் உதவுங்கள். பண்ணைத் தீவனக் கடையில் முழு கோதுமை மூட்டையாகக் கிடைக்கும். காலையில் இரண்டு கைப்பிடி, அதுவும் கரையில் இல்லை, முழங்கால் ஆழ நீரில் வீசுங்கள். நீரோடு சேர்த்துத்தான் அதற்கு விழுங்க வசதி, மேலும் எலியும் காகமும் வராது. லெட்டூஸ், கீரை, முட்டைக்கோஸ் இலைகளைக் கிழித்துப் போடலாம். கால் மணி நேரத்தில் தீராமல் மிச்சம் கிடந்தால் அளவு அதிகம், மறுநாள் குறையுங்கள்.

கையில் வைத்து ஊட்டாதீர்கள். குழந்தைகளையும் விடாதீர்கள். இப்போது சாதுவாக இருக்கிற பறவை, மனிதனைக் கண்டால் தீனி என்று பழகிவிட்டால், வளர்ந்து பருவம் வந்ததும் தீனி இல்லாதபோது துரத்தும். மனிதனின் கையை ஒடித்துவிடும் என்பது மிகை, ஆனால் சிறு குழந்தையைத் தள்ளிவிடும், நன்றாகக் கன்றிப்போகும்படி அடிக்கும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அன்னத்தின் பக்கம். மனிதனிடம் பயம் போன அன்னம் நாளைக்கு வேறொரு குளத்தில் நாயிடமும் தூண்டில்காரரிடமும் பயமில்லாமல் போய் நிற்கும். ஒருநாள் கோதுமை போடும்போது அது உங்களைப் பார்த்து ஓடிவரவில்லை, விலகிப்போகிறது என்றால் வருத்தப்படாதீர்கள், அது நல்ல செய்தி.

ஜோடி வாங்கி விடும் யோசனை வேண்டவே வேண்டாம். வயதை ஏற்கனவே சொன்னேன். காட்டு அன்னத்தை விலைக்கு வாங்குவதும் விற்பதும் சட்டப்படி தவறு. அலங்காரத்துக்கு விற்கும் கறுப்பு அன்னத்தை இறக்கை வெட்டி வாங்கிவந்து விட்டால், இரண்டில் ஒன்று மற்றதைக் கடித்துத் துரத்தும், ஓடமுடியாதது சாகும். இந்த வயதுப் பறவைக்கு வேண்டியது துணை இல்லை, கூட்டம். பெரிய ஆறுகளிலும் ஏரிகளிலும் இன்னும் ஜோடி சேராத இளம் அன்னங்கள் பத்துப் பதினைந்தாகச் சேர்ந்து திரியும். இது போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

இங்கேதான் பறக்கும் வழி ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதும் வருகிறது. பிப்ரவரி, மார்ச்சில் வளர்ந்த ஜோடிகள் கூடு கட்ட நீர்நிலை தேடி வரும். உங்கள் குளம் ஒரு ஜோடிக்குப் பிடித்துவிட்டால், ஆண் அன்னம் இறக்கைகளைப் பாய்மரமாகத் தூக்கி, கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு நேராக இந்தக் குட்டி மேல் வரும். வழக்கமாக இளையது எழுந்து பறந்துவிடும், விஷயம் முடிந்தது. மரச்சுவருக்குள் மாட்டிக்கொண்டதால் எழ முடியவில்லை என்றால், பெரியது அதன் கழுத்தை நீருக்குள் அமுக்கி மூழ்கடிக்கவும் செய்யும். அதனால் மரம் வெட்டுவதைப் பிப்ரவரி பாதிக்குள் முடித்துவிடுங்கள். முடியாது என்று தோன்றினாலோ, அது ஓடி ஓடித் தோற்பதை நீங்கள் கண்ணால் பார்த்தாலோ, நீங்களே பிடிக்க முயலாமல் ஆர்எஸ்பிசிஏ என்னும் விலங்கு நலச் சங்கத்துக்கோ, சர்ரே மாவட்டம் ஷெப்பர்ட்டனில் இருக்கும் ஸ்வான் சேங்க்சுவரி என்னும் அன்னக் காப்பகத்துக்கோ ஃபோன் செய்யுங்கள். பிடிக்கத் தெரிந்தவர்கள் இறக்கையை உடம்போடு சேர்த்து அணைத்து, பைக்குள் வைத்து, இளம் அன்னங்கள் கூடும் பெரிய நீர்நிலையில் கொண்டுபோய் விடுவார்கள்.

குளம் உறைவதைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள், கராஜ் வேண்டாம். டண்ட்ரா ஸ்வான் என்னும் இதன் உறவுப் பறவை ஒன்றின் இறகுகளை ஒன்றொன்றாகப் பிடுங்கி எண்ணிப் பார்த்தபோது 25,000-க்கு மேல் வந்தது. இவ்வளவு போர்வை போர்த்தியிருக்கும் பறவைக்கு நார்ஃபோக் பனி தாங்கும். பனிக்கட்டி மேல் உட்கார்ந்திருந்தால் ஒட்டிக்கொண்டது என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். கராஜில் அடைத்தால் பயத்தில் சாப்பிடாது, நாள்பட்ட வைக்கோலின் பூஞ்சை மூச்சில் போகும், சட்டமும் இடம் கொடுக்காது. 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டம், அடிபட்டு முடங்கிய காட்டுப் பறவையைக் குணமாக்கி விடுவதற்காக மட்டுமே பிடித்து வைக்க அனுமதிக்கிறது. குளிருக்குப் பாவம் என்று பிடித்து வைப்பது அதில் சேராது. முழுக் குளமும் உறைந்து சில நாள் நீடித்தால், கரையில் ஓர் அகலத் தொட்டியில் நீர் நிரப்பி அதில் கோதுமை போடுங்கள். பனிக்கட்டி மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. அன்னத்தைக் காப்பாற்றப் போய் மனிதர்கள் மூழ்கிய கதை எனக்குப் போதும் போதும் என்று தெரியும். உருக்குவதற்கு உப்புப் போடுவதும் கூடாது. இரவில் நரி வரும் இடம் என்றால், நீர் உறையாத பகுதி கொஞ்சமாவது இருப்பது அதன் தூக்கத்துக்குப் பாதுகாப்பு. குளத்தின் நடுப்பகுதி கடைசியில்தான் உறையும், அங்கே அதை யாரும் விரட்டாமல் இருந்தாலே போதும்.

கோழிகள் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பறவைக் காய்ச்சல் இங்கே 2021-க்குப் பிறகு மிக மோசமாக அடித்திருக்கிறது, அன்னங்கள் அதில் நிறையச் செத்திருக்கின்றன. அன்னத்தின் எச்சத்தில் கிருமி இருந்தால் குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் கோழிகள் குளத்துப் பக்கம் போகாதபடி வேலி போடுங்கள். குளத்து நீரை அவற்றுக்கு ஒரு சொட்டும் காட்டாதீர்கள். தீனியும் தண்ணீரும் கூரைக்கு அடியில் இருக்கட்டும், வெட்டவெளியில் வைத்தால் காட்டுப் பறவைகள் வந்து பங்கு கேட்கும். குளத்துக்குப் போகும் பூட்ஸ் வேறு, கோழிக்கூண்டுக்குள் போகும் பூட்ஸ் வேறு. கூண்டு வாசலில் அரசு அங்கீகரித்த கிருமிநாசினிக் கரைசல் ஒரு தட்டில் இருக்கட்டும், நனைத்துவிட்டு உள்ளே போங்கள். அம்மா காலையில் அன்னத்துக்குப் போட்டுவிட்டு அதே செருப்போடு முட்டை எடுக்கப் போவார் என்று நினைக்கிறேன், அதை இன்றே மாற்றுங்கள். இன்னொன்று, இங்கிலாந்தில் 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வளர்த்தாலும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆறு கோழிகளையும் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள், கட்டணம் இல்லை. உங்கள் பகுதியில் கோழிகளை உள்ளே அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் அந்தப் பதிவின் வழியாகத்தான் தகவல் வரும்.

அன்னம் வட்டமாகவே சுற்றிச் சுற்றி நீந்தினாலோ, தலை நடுங்கினாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டாலோ, கண் நீலம் பூத்தது போல் மங்கினாலோ அருகில் போகாதீர்கள், தொடாதீர்கள். ஆர்எஸ்பிசிஏ-வுக்குச் சொல்லுங்கள். செத்துக் கிடந்தால் டெஃப்ரா என்னும் சுற்றுச்சூழல், வேளாண் துறையின் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள், புதைக்கிறேன் என்று நீங்களே தூக்க வேண்டாம். குழந்தைகளுக்கும் இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள். கீழே கிடக்கும் இறகைப் பொறுக்கி வீட்டுக்குள் கொண்டுவருவதும் இந்தக் குளிர்காலத்துக்கு வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் கால்வாசி உண்மை. திறந்த நீர்நிலைகளில் குறியிடப்படாத மியூட் ஸ்வான்களுக்கு உரிமை கோரும் அதிகாரம் மன்னருக்கு உண்டு. ஆனால் அது நடைமுறையில் தேம்ஸ் ஆற்றின் சில பகுதிகளோடு சரி. ஒவ்வொரு ஜூலையிலும் அங்கே படகில் போய்க் குஞ்சுகளை எடுத்துப் பார்த்து, எடை போட்டு, வளையம் மாட்டி விடுகிறார்கள். நீங்கள் கோதுமை போட்டதற்காக யாரும் வரப்போவதில்லை. உங்களைக் கட்டுப்படுத்துவது நான் மேலே சொன்ன 1981 சட்டம்தான்: கொல்லக் கூடாது, காயப்படுத்தக் கூடாது, பிடிக்கக் கூடாது, கூட்டையும் முட்டையையும் தொடக் கூடாது. அது உங்களுக்கும் அவருக்கும் பொது.

கடைசியாக ஒரு வேலை. அன்னம் கரையேறி மேயும்போது கால்களைப் பாருங்கள். ஒரு காலில் உலோக வளையமோ, மற்றொரு காலில் பெரிய எழுத்துகள் உள்ள வண்ணப் பிளாஸ்டிக் வளையமோ இருக்கலாம். கிட்டே போக வேண்டாம், ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்தாலே பிளாஸ்டிக் வளையத்தின் எழுத்து படிக்கக் கிடைக்கும். எழுத்து, வளையத்தின் நிறம், எந்தக் கால் என்ற மூன்றையும் குறித்து, பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளைக்கு ஆன்லைனில் அனுப்புங்கள். எந்த ஊரில், எந்தத் தேதியில் வளையம் மாட்டினார்கள் என்று பதில் வரும். அப்படி வந்தால் அந்தத் தகவலோடு, அது இறக்கை அடிக்கும் ஒரு சின்ன வீடியோவும், தென்மேற்குக் கரை மரங்களின் ஒரு படமும் எனக்கு அனுப்புங்கள். எந்தக் கிளைகளை எடுத்தால் போதும் என்று பார்த்துச் சொல்கிறேன்.